சிறைப்புறத்தில் நிற்பவர்கள்

முடிவு வந்த இரவில் மூன்று பெயர்களைப் பார்த்தேன். மூன்றும் எனக்கு அந்நியம். ஆனால் அந்த மூன்று பேரையும் ஆறு வாரமாக எண்களாகத் தெரியும்: 14, 61, 88.

குறும் ஓராள் நாடகங்களுக்கான எழுத்துப் போட்டி அது. விதிகள் அதிகமில்லை. பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஒருவர்தான் இருக்க வேண்டும். பிரதியில் எங்கேயும் எழுதியவர் பெயர் தெரியக் கூடாது. நான் நடுவர் இல்லை, முதல் சுற்று வாசகர். நடுவர்களுக்குப் போகிற பிரதிக் கட்டை மெலிய வைக்கிற ஆள். என் பங்குக்கு நூற்றுச் சொச்சம் பிரதிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, இரண்டு வரி கருத்து எழுத வேண்டும்.

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. இரண்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு போட்டிக்கு நானும் எழுதி அனுப்பி, முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கிறேன். ஒரு முதியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்லுவார். மொழி நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். படித்த நண்பர்கள் கண் கலங்கினார்கள். தோற்றதும், நடுவர்களுக்கு ரசனை போதாது என்ற முடிவுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது பிரதிக் கட்டை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, முப்பதாவதோ நாற்பதாவதோ படிக்கும்போது, அந்தச் சாய்வு நாற்காலிக்காரர் வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். ஒருவர் கையில் பழைய புகைப்படம். ஒருவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தபடி. எல்லாரும் அழகாகப் பேசினார்கள். யாரிடம் பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஓராள் நாடகம் எழுத உட்காருகிறவருக்கு முதல் பக்கத்திலேயே வருகிற தலைவலி இது. தனியாக இருக்கிற மனிதர் ஏன் வாய்விட்டுப் பேச வேண்டும்? நாமெல்லாம் தனியாக இருக்கும்போது பேசுவதில்லை. பேசினாலும் "சாவியை எங்கே வைத்தேன்" அளவுக்குத்தான். அதனால் எழுதுகிறவர்கள் அவசரத்துக்கு ஒரு சாக்கைப் பிடிக்கிறார்கள். கண்ணாடி முன் நிற்பவர், கல்லறை முன் நிற்பவர், மனநல மருத்துவரின் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசுபவர், ஏற்கெனவே செத்துப்போனவர். செத்துப்போனவர்கள் எனக்கு வந்த பிரதிகளில் ஏராளம். தாங்கள் செத்துப்போன செய்தியைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது செத்த ஆளுக்குப் பிறகு முதல் பத்தியிலேயே எனக்கு வாடை அடித்துவிட்டது.

இருப்பதிலேயே அதிகம் வந்தது தொலைபேசி. "என்னது, நாளைக்கே வருகிறாயா? அப்பாவும் வருகிறாரா? என்ன, அவருக்கு உடம்பு சரியில்லையா?" எதிர்முனை சொல்வதையெல்லாம் இந்த முனை கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லும். நிஜத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. இரண்டாவது ஆளை மேடையேற்ற முடியாத ஏக்கத்தில், அவர் வசனத்தையும் சேர்த்து இவர் வாயிலேயே திணிக்கிறார்கள்.

தொலைபேசி மோசமான கருவி என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜான் காக்தூவின் 'மனிதக் குரல்' 1930இல் பாரிஸில் மேடையேறியது. ஒரு பெண், ஒரு தொலைபேசி, அவளை விட்டுப் போகிற காதலனோடு கடைசி உரையாடல், அவ்வளவுதான். அதில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. இடையில் வேறு யாரோ குறுக்கே வருகிறார்கள். அவன் சொல்வதை அவள் திருப்பிச் சொல்லி நமக்கு விளக்குவதில்லை. அவள் பொய் சொல்கிறாள், அந்தப் பொய் அவனிடம் எடுபடுகிறதா என்று காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பில்தான் எதிர்முனையில் ஓர் ஆள் இருக்கிறான் என்பதை நாம் நம்புகிறோம். கருவி அதே தொலைபேசிதான். ஆனால் காக்தூ அந்தக் கம்பி அறுந்துவிடுமோ என்கிற பயத்தை எழுதியிருக்கிறார்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'புகையிலையின் தீங்குகள்' இன்னும் தந்திரமானது. 1886இல் எழுதியதை 1902 வரை திருத்திக்கொண்டே இருந்தார். மனைவிக்கு அடங்கிய ஒரு கணவர், மனைவி உத்தரவின் பேரில், புகையிலை பற்றி உரையாற்ற வருகிறார். உரை புகையிலையை எட்டுவதே இல்லை. முப்பத்து மூன்று வருட இல்லறத்தின் புலம்பல்தான் கொட்டுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அவர் பேசுவது அவையோடு. ஆனால் அவர் கண் பக்கவாட்டுத் திரையை விட்டு நகர்வதில்லை, மனைவி எப்போது வேண்டுமானாலும் அங்கே வந்து நிற்கலாம். கடைசியில் வந்தும்விடுகிறாள். சட்டென்று குரல் மாறி, உரை முறைப்படி நடந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று அவையிடம் கெஞ்சுகிறார். கேட்பவர் அவையிலும் இருக்கிறார், திரைக்குப் பின்னாலும் இருக்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் நாடகம்.

அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீலின் 'காலையுணவுக்கு முன்' 1916இல் வந்தது. மனைவி பேசிக்கொண்டே இருக்கிறாள், கணவன் பக்கத்து அறையில் முகம் மழிக்கிறான். அவன் மேடைக்கே வருவதில்லை. ஒரே ஒரு முறை வெந்நீர்க் கிண்ணத்துக்காக அவன் கை மட்டும் கதவிடுக்கில் நீளும். முதல் தயாரிப்பில் அந்தக் கையாக நடித்தது ஓ'நீல்தான். நடிகராக அவருடைய கடைசி வேடமும் அதுவே. எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மேலைநாட்டு உதாரணங்களை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தபோது எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. இந்தக் கேள்விக்கு நம் மொழியில் இரண்டாயிரம் வருடப் பழைய பதில் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்கு உறுப்புகள் முப்பத்து நான்கு என்று எண்ணுகிறது. அதில் கூற்று என்று ஓர் உறுப்பு உண்டு. அதற்கு அடுத்ததாகவே வருவது கேட்போர். அதன்பின் களன், காலம், பயன். யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, எதற்காக. இன்றைக்கு நாடகப் பட்டறையில் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிற கேள்விகள் இவை.

பெரும்பாலான அகப்பாட்டுகளில் ஒருவர்தான் பேசுவார். கவிஞர் இடையில் தலைகாட்டமாட்டார். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். குறுந்தொகையில் நான்கு முதல் எட்டு அடிக்குள் அது முடிந்துவிடும். கபிலரின் இருபத்தைந்தாம் பாட்டு ஐந்தே அடி. அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அவன் மட்டும்தான், அவனே இல்லை என்று மறுத்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள். சாட்சி என்று சொல்ல ஒரு குருகு இருந்தது, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. சாட்சியும் தன் பசியில் கவனமாக இருந்தது. பத்து நிமிட நாடகத்துக்கு இது போதாதா?

இதையும் தாண்டி இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பாட்டுகளுக்குக் கீழே, யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் துறைக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சொல்: சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அப்பால் மறைவாக நிற்கிறான். தோழிக்கு அது தெரியும். தெரிந்தும் தலைவியிடம் பேசுவது போலவே பேசுகிறாள். ஊர் தூற்றுகிறது, காவல் கடுமையாகிவிட்டது என்கிறாள். சொல்வது தலைவிக்கு, சேர வேண்டியது வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கு. மேடை என்பதே இந்த ஏற்பாடுதானே? நடிகர் யாரோ ஒருவரிடம் பேச வேண்டும். நாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்க வேண்டும். நேராக நம் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கொட்டினால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒட்டுக்கேட்கும்போது காது தானாகக் கூர்மையாகிறது.

அதன் பிறகு என் மதிப்பெண் தாளில் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்துகொண்டேன். கேட்போர் யார் என்று ஒவ்வொரு பிரதிக்கும் அதில் எழுதுவேன். பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன.

14ஆம் எண்ணுக்கு அந்தக் கட்டத்தில் எழுத இடம் போதவில்லை. பேசுகிறவர் ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: சாட்சி சொல்வதைத் தன்மையிலேயே சொல்ல வேண்டும். "அடித்ததாக அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது, "நான் அடித்தேன்" என்றே சொல்ல வேண்டும். பகலெல்லாம் வேறு யாரோ செய்த குற்றத்தை "நான்" என்று சொல்லிவிட்டு, இரவில் தூங்குகிற மனைவியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு மனிதர் மெதுவாகப் பேசுகிறார். எழுப்பவும் மனமில்லை, எழாமல் இருப்பதும் பொறுக்கவில்லை. பாதி வழியில் வழக்கிலுள்ள வாக்குமூலமும் இவர் சொந்த வாக்குமூலமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. எந்த "நான்" எவருடையது என்று நமக்கும் குழம்புகிறது. மனைவி நிஜமாகத் தூங்குகிறாளா? பிரதி சொல்லவில்லை. ஒரே ஒரு மேடைக் குறிப்பு: "போர்வை இழுபடுகிறது." ஓராள் நாடகத்தில் போர்வையை இழுப்பது யார் என்று நான் கருத்தில் கேட்டிருந்தேன். நடுவர்கள் அந்தக் கேள்வியைப் புறக்கணித்து முதல் பரிசு கொடுத்தார்கள். சரியான முடிவுதான்.

88 நகைச்சுவை. தொலைந்த பொருள்கள் அலுவலகத்தின் சன்னலில் ஒரு கிழவர் நின்று குடை கேட்கிறார். குடையின் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். பிடி மரம் என்கிறார். உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மரம் இல்லை, மரம் மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் என்கிறார். மறுபடி முகத்தைப் பார்க்கிறார். நிறம் கறுப்பு, அதாவது வெயிலில் பார்த்தால் நீலம். குடை அவருடையது இல்லை, குடையே அவருக்கு வேண்டாம். புகார் கொடுக்க வந்தவர் சொல்வதை முழுக்கக் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் விதி இருக்கிறது. தன்னைக் கேட்டே தீர வேண்டிய ஒரே மனிதனைத் தேடி மாதாமாதம் வருகிறார். எழுதியவர் கடைசி அரை நிமிடத்தில் பொறுமை இழந்து, கிழவரின் தனிமையை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். அது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அதை வெட்டியிருந்தால் முதல் பரிசுக்கே போட்டியிட்டிருக்கும். ஆனால் வாசிப்பு அரங்கில் அந்த அரை நிமிடத்தில்தான் கைக்குட்டைகள் வெளியே வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

61ஐப் பற்றிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். நான் அதற்குப் பத்துக்கு நாலு போட்டேன்.

பிரதி மொத்தம் மூன்று பக்கம்கூட இல்லை. இரவுப் பணி முடிந்த செவிலியர், பகல் பணிக்கு வந்தவரிடம் வார்டை ஒப்படைக்கிறார். ஒன்றாம் படுக்கை, பெயர், வயது, இரவில் காய்ச்சல் எவ்வளவு, எப்போது மருந்து, சிறுநீர் போனது, போகவில்லை. இரண்டாம் படுக்கை. மூன்றாம் படுக்கை. ஐந்து முடிந்து ஏழுக்குப் போய்விடுகிறது. எட்டு. ஒன்பது. முடிந்தது, கையெழுத்து. நான் இதைப் படித்தது நள்ளிரவு தாண்டி, அன்றைக்குப் பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ பிரதியாக. "பட்டியல் போல இருக்கிறது, நாடகம் தொடங்கவில்லை" என்று கருத்து எழுதினேன். ஆறு விடுபட்டதை நான் கவனிக்கவே இல்லை. தட்டச்சுப் பிழை என்றுகூட நினைக்கவில்லை, கண் அப்படியே தாண்டிப் போய்விட்டது.

ஒரு பிரதியை இரண்டு பேர் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னொரு வாசகர் ஒன்பது போட்டிருந்தார். இவ்வளவு வித்தியாசம் வந்தால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. "நான் வாசிக்கிறேன், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றார். அவருக்குத் தொழில் நடிப்பு. வாசித்தார். ஐந்தாம் படுக்கையை முடித்துவிட்டு நிறுத்தினார். பிரதியில் அங்கே ஒரு குறிப்பு இருந்திருக்கிறது: "விரிப்பை மடிக்கிறாள்." அந்த விரிப்பை மடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "ஏழாம் படுக்கை" என்றார், முன்பைவிடச் சற்று உரக்க. அதற்குப் பிறகு எட்டிலும் ஒன்பதிலும் வருகிற சாதாரண வார்த்தைகள் எல்லாம் ஆறைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தன. ஆறில் இருந்தது யார் என்று பிரதி சொல்வதில்லை. எட்டாம் படுக்கைக்காரர் ஜன்னல் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்கிறார், "இப்போது இடம் இருக்கிறது" என்கிறாள். அவ்வளவுதான் தடயம்.

கண்ணைத் திறந்தபோது எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மேடைக்காக எழுதியதை நான் கதை படிக்கிற மாதிரிப் படித்திருக்கிறேன். கதையில் மௌனத்துக்கு ஆசிரியர் வார்த்தை தர வேண்டும். நாடகத்தில் ஒரு விரிப்பு போதும். வாய்விட்டுப் படித்தால் பத்து நிமிடத்துக்கு எனக்கு எண்ணூறிலிருந்து ஆயிரம் வார்த்தை பிடிக்கிறது. அந்தப் பிரதியில் அறுநூறு சொச்சம்தான் இருந்தது. மிச்ச நேரத்தை மடிக்கிற வேலைக்கும் எழுதுகிற வேலைக்கும் கொடுத்திருந்தார். காகிதத்தில் அது வெற்றிடமாகத் தெரிந்தது. அன்றிரவே, அதுவரை குறைவாக மதிப்பெண் போட்டவற்றை எல்லாம் மறுபடி எடுத்து வாய்விட்டுப் படித்தேன். இரண்டு மேலே ஏறின. சில இன்னும் கீழே இறங்கின, அதையும் மறைப்பானேன்.

பெயரில்லாமல் படிப்பதில் இன்னொரு பாடம். 14ஐ எழுதியவர் கட்டாயம் ஒரு வயதான ஆண், நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவர் என்று நினைத்திருந்தேன். வந்தவர் இருபத்து நாலு வயதுப் பெண். 61 ஒரு செவிலியர் எழுதியது என்று பந்தயமே கட்டியிருப்பேன். அவர் கணக்காளர், தன் தாய்க்குத் துணையாக மூன்று வாரம் மருத்துவமனையில் இரவுகளைக் கழித்தவர். 88 மட்டும் நான் நினைத்த மாதிரியே ஒரு கிழவர்.

மான்செஸ்டரில் 2005இல் தொடங்கிய பிரண்ட்வுட் நாடகப் பரிசுக்கும் பிரதிகளைச் சொந்தப் பெயரில்லாமல்தான் அனுப்ப வேண்டும். பெயரை மறைப்பதில் உச்சம் தொட்டவர் ஜேன் மார்ட்டின். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லூயிவில் நகர நாடகக் குழு மேடையேற்றிய 'டாக்கிங் வித்' பதினொரு பெண்களின் பதினொரு தனிமொழிகள். நாடக விமர்சகர்கள் சங்கத்தின் விருதையும் அது வாங்கியது. வாங்கிக்கொள்ள ஜேன் மார்ட்டின் வரவில்லை. அப்படி ஒருவரை யாரும் பொதுவில் கண்டதில்லை. அந்தக் குழுவின் இயக்குநராக இருந்த ஜான் ஜோரிதான் அவர் என்று பலர் நினைத்தார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பதினொரு பெண்களை மேடையில் இவ்வளவு நெருக்கமாகப் பேச வைத்துவிட்டு எழுதியவர் மட்டும் சிறைப்புறத்திலேயே நின்றுவிட்டார்.

நாடகமும் போட்டியும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஏதென்ஸில் கோரஸ் என்ற பாடற்குழுவிலிருந்து விலகி நின்று தனியாகப் பேசிய முதல் ஆள் தெஸ்பிஸ் என்பது மரபு. அவர் கி.மு. 534 வாக்கில் வென்றதாகச் சொல்லப்படுவதும் ஒரு போட்டியில்தான். அதாவது முதல் நடிகரே ஓராள் நடிகர். இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். ஆனால் தெஸ்பிஸும் வெற்றுவெளியில் பேசவில்லை. எதிரே கோரஸ் இருந்தது, கேட்க, பதில் சொல்ல. அந்தப் போட்டிகளின் நடுவர்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். யூரிப்பிடிஸின் 'மெடியா' இடம்பெற்ற தொகுதிக்கு கி.மு. 431இல் கிடைத்தது மூன்றாம் இடம். போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான். 61க்கு நாலு போட்ட எனக்கு இதைவிடப் பெரிய துணை கிடைக்காது.

வென்ற பிறகு என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு வாசிப்பு அரங்கு, ஒரு சான்றிதழ், கொஞ்சம் பணம், இன்னும் ஒரு வருடம் எழுதலாம் என்ற துணிச்சல். எப்போதாவது வேறு மாதிரி நடக்கும். சூசி மில்லர் ஆஸ்திரேலியாவில் வழக்கறிஞராக இருந்தவர். 'ப்ரைமா ஃபேஸி' என்ற அவரது ஓராள் நாடகம் 2018இல் கிரிஃபின் விருது வென்றது, அடுத்த வருடம் சிட்னியில் மேடையேறியது. 2022இல் லண்டன், 2023இல் நியூயார்க். லண்டனில் சிறந்த புதிய நாடகத்துக்கான ஆலிவியர் விருதும் கிடைத்தது. பாலியல் வன்முறை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் சிதறடிக்கிற ஒரு பெண் வழக்கறிஞர், தானே பாதிக்கப்பட்டு அதே கூண்டில் ஏறுகிறாள். இங்கே கேட்போர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அவையில் உட்கார்ந்திருப்பவர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஃபீபி வாலர் பிரிட்ஜின் 'ஃப்ளீபேக்' ஒரு கதை சொல்லும் இரவுக்காக எழுதிய பத்து நிமிடத் துண்டாகத் தொடங்கியது. 2013இல் எடின்பரோ விழாவில் ஒரு மணி நேரம் ஆனது, பிறகு தொலைக்காட்சித் தொடர். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், அதுதான் ஆபத்து. 14ஐ எழுதிய இளம்பெண் இப்போது அதை ஒரு மணி நேரத்துக்கு வளர்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லா விதையும் மரத்துக்கான விதை இல்லை, சில வறுத்துத் தின்பதற்கானவை. பெக்கெட்டின் 'நான் அல்ல' 1972இல் முதலில் மேடையேறியது. நடிகை லிசா ட்வான் அதை ஒன்பது நிமிடத்தில் முடித்திருக்கிறார். இருட்டில் ஒரு வாய் மட்டும் வெளிச்சத்தில், தரையிலிருந்து எட்டடி உயரத்தில். அதை ஒரு மணி நேரம் ஆக்க யாருக்கும் தோன்றாது. இத்தனைக்கும் அந்த வாய்க்கும் பெக்கெட் ஒரு கேட்பவரை எழுதினார். தலை முதல் கால்வரை மூடிய ஓர் உருவம், பேசாமல் நிற்கும், எப்போதாவது கைகளைச் சற்று உயர்த்தித் தாழ்த்தும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சோர்வாக. அந்த உருவத்துக்கு மேடையில் ஒளி அமைப்பது பெரும்பாடு என்பதால் பல தயாரிப்புகளில் விட்டுவிடுகிறார்கள், பெக்கெட்டே விட்டிருக்கிறார். விட்டால் வாய் நேராக நம்மிடம் பேசுகிறது. எனக்கு அந்த உருவம் வேண்டும்.

வாசிப்பு அரங்கின் ஒத்திகை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இயக்குநர்கள் பாத்திரத்தின் கடந்தகாலம் பற்றி நிறையப் பேசினார்கள். நடிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த வரியில் கண்ணை எங்கே வைக்கட்டும்?" 88க்கு அது சுலபம், சன்னல். 14க்குப் பக்கத்துத் தலையணை. 61ஐ நடித்தது நாலு பேர் சேர்ந்து நடத்துகிற குழுவிலிருந்து வந்த ஓர் அனுபவசாலி நடிகை. ஒன்று, இரண்டு, மூன்று வரை சரியாகப் போனது. பிறகு நிறுத்திவிட்டு, எழுதியவரைப் பார்த்து, "எதிரில் நிற்கிறவள் என்னிடம் ஏதாவது கேட்கிறாளா?" என்றார்.

எழுதியவர் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். முதலில் எழுதியபோது அது இருவர் நாடகம். பகல் பணிக்கு வந்தவளுக்கு நாற்பது வரி இருந்தது. போட்டி விதியைப் பார்த்துவிட்டு அந்த நாற்பதையும் எடுத்துவிட்டார். எடுத்த பிறகு மீதியைத் திருத்தவில்லை, ஒட்டுப்போடவில்லை. ஓட்டைகளை ஓட்டைகளாகவே விட்டுவிட்டார். அதனால்தான் சில பதில்கள் கேள்வியில்லாமல் தொங்குகின்றன. சில இடங்களில் இரவுச் செவிலியர் தான் சொன்னதையே இன்னொரு முறை வேறு மாதிரிச் சொல்கிறார். நான் "கவனக்குறைவு" என்று அடிக்கோடிட்ட இடங்கள் அவை.

"அந்த நாற்பது வரியும் இருக்கிறதா, அம்மா?" என்று நடிகை கேட்டார். இருந்தது. மறுநாள் ஒத்திகையில் ஒரு பெண்ணை எதிரே நிற்க வைத்து அந்த வரிகளைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் அப்படி நடந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தாளையும் எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அரங்கில் அன்று மாலை ஐந்தாம் படுக்கை முடிந்து விரிப்பை மடிக்கும் இடம் வந்தது. நடிகையின் கை பாதியில் நின்றது. தலை லேசாக இடதுபக்கம் திரும்பியது, அங்கே ஒருத்தி ஏதோ கேட்ட மாதிரி. பதில் சொல்லாமல் மறுபடி மடிக்கத் தொடங்கினார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ பொறுக்க முடியாமல் "ஆறு?" என்று முணுமுணுத்தார்கள்.

முடிந்த பிறகு நடிகையைப் பார்த்துப் பேசினேன். அந்த இடத்தில் எடுத்துவிட்ட வரி என்ன என்று கேட்டேன். எழுதியவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சொல்லவில்லை.